ஃப்ளாப்பி வராத நாள்

“மில் விவரத்த வாரம் ஒரு தடவை காப்பி எடுத்து பேங்க் லாக்கர்ல வச்சாப் போதும் அண்ணாச்சி. தினமும் ஃப்ளாப்பியத் தூக்கிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் டீச்சர் வீட்டுக்கு பஸ் ஏறணுமா?” புதிதாகச் சேர்ந்த கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வைகுண்டராஜ் கேட்டேவிட்டான்.

“ராஜபாளையத்துலயே ரெண்டு காப்பியும் இருந்தா என்னலே பிரயோசனம்? டீச்சர் வீட்லயே குடு” என்றார் முதலாளி ஞானதுரை.

அவன் திரும்பி வந்ததும் ஃப்ளாப்பியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார்.

“டீச்சரே வந்து வாங்குச்சா? மொகம் தெளிவா இருந்துச்சா?”

இந்த வயதில் அண்ணாச்சிக்கு இதென்ன கூத்து என்று பல்லைக் கடித்துக்கொள்வான்.

ஒருநாள் கம்ப்யூட்டர் ரிப்பேர். காப்பி எடுக்க முடியாததால் அவன் போகவில்லை. சாயங்காலம் டீச்சரே மூச்சிரைக்க மில்லுக்கு வந்துவிட்டாள்.

“பயப்படாதீங்க டீச்சர், நேத்து வரைக்கும் உள்ளது உங்ககிட்ட பத்திரமா இருக்குல்லா?” என்றான் வைகுண்டராஜ்.

அவள் அவனைத் தாண்டி முதலாளியிடம் போய் நின்றாள்.

“சொல்லாமக் கல்யாணம் முடிச்சேன்னு ஆறு வருஷமா நீங்க எங்கிட்டப் பேசல. ஃப்ளாப்பி வந்தா நீங்க நல்லாருக்கீகன்னு நெனச்சுக்குவேன். இன்னைக்கு வரலியேப்பா...”

ஞானதுரை எழுந்தேவிட்டார்.

“மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்லா, தாயி?”