தெருவைப் பார்த்த நட்சத்திரம்

கிறிஸ்துமஸ் குடிலில் பாலனுக்குப் பக்கத்திலேயே நின்ற மண் ஆட்டுக்குப் பெருமை தாங்கவில்லை. பாலனைப் பார்க்க மூன்று ராஜாக்கள் வந்த திருநாளன்று ஒரு மண் ஒட்டகம் வாசலில் வந்து நின்றதும் அதற்குச் சுருக்கென்றது.

“யாருப்பா நீ? இந்தப் பக்கத்து ஆளா தெரியலையே!” என்று வாசலை மறித்துக்கொண்டது.

“ரொம்பத் தூரங்க. நட்சத்திரத்தைப் பார்த்துட்டு வந்தேன்.”

“அது எங்க வீட்டு நட்சத்திரம்.”

“அப்படிங்களா? உள்ளே இருந்து பார்த்தா எப்படிங்க இருக்கும்?” ஒட்டகம் ஆசையாகத்தான் கேட்டது.

ஆடு அண்ணாந்து பார்த்தது. கூரை ஓலைதான் தெரிந்தது. இத்தனை நாளில் நட்சத்திரத்தை அது பார்த்ததே இல்லை.

தயங்கித் தயங்கி வெளியே வந்து, ஒட்டகத்தின் பக்கத்தில் நின்று நிமிர்ந்தது. நட்சத்திரத்தைக் கூரைக்கு மேலே, தெருவைப் பார்த்துக் கட்டியிருந்தார்கள்.

வெகுநேரம் பார்த்துவிட்டு ஆடு கேட்டது: “நானும் உங்ககூட உள்ளே வரட்டுங்களா?”