மதங்கி கரையேறிய இடம்

நூலக மாடியில் கூடியிருந்த வாசகர்கள் ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். மாயாஜாலத் தொடரின் ஏழாவது பாகம் முடிகிற இடத்தில் மதங்கி கருநீர் ஏரியில் மூழ்கி இறந்ததைத் தாங்க முடியவில்லை என்றார்கள். மைக் எந்த வரிசைக்கு வந்திருக்கிறது என்று செண்பகவல்லி எட்டிப் பார்த்தாள். பக்கத்தில் அவள் கணவர் ஆவுடையப்பன் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதல் நான்கு பாகங்களை அவரே படித்தார். பிறகு பார்வை போயிற்று. மற்றதையெல்லாம் அவள்தான் வாசித்துக் காட்டினாள். மதங்கி மூழ்கிய வரிக்கு வந்தபோது, "அப்புறம்?" என்று அவர் முகத்தை நிமிர்த்திக் கேட்டார். அந்த முகத்துக்கு முன்னால் உள்ளதை உள்ளபடி வாசிக்க அவளுக்கு வாய் வரவில்லை. மதங்கி நீந்திக் கரையேறி, ஈரத் தலையோடு தன் வீட்டுக் கதவைத் தட்டினாள் என்று, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்லிவிட்டாள். இந்தக் கூட்டத்துக்குப் போயே ஆகவேண்டும் என்று அவர் அடம்பிடிப்பார் என்று அப்போது நினைக்கவில்லை.

மைக் அவர் கைக்கு வந்தது. நிதானமாக எழுந்தார்.

"எனக்கு முடிவு பிடிச்சிருந்துது. அவ கரையேறி வந்து கதவத் தட்டுன இடத்துல அழுதுட்டேன்."

யாரும் அவரைத் திருத்தவில்லை. முன்வரிசையில் அதுவரை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த கல்லூரிப் பெண் திரும்பினாள்.

"கதவ யாரு சார் தொறந்தா?"

அவர் மைக்கை மனைவி பக்கம் நீட்டினார்.

"அத இவதான் சொல்லணும். அன்னைக்கு அந்த எடத்துல குரல் கம்மிப்போயி புஸ்தகத்த மூடி வச்சிட்டா."

செண்பகவல்லி எழுந்தாள். எல்லா முகங்களும் அவளையே பார்த்தன.

"தொறக்கக் கொஞ்சம் நேரமாச்சு," என்று தொடங்கினாள். "உள்ள இருந்தவருக்குக் கண்ணு தெரியாதுல்லா."