நோட்டம் பார்க்க வந்தவள்

உள்ளே வந்த பெண்மணி செருப்பு எதையும் பார்க்கவில்லை. முதலில் கூரையில் இருந்த கேமராவைப் பார்த்தாள். பிறகு பில் போடும் இடத்தை, சுவரோரம் வரிசையாக நின்ற விற்பனைப் பெண்களை. அப்புறம்தான் நடுவில் கிடந்த மெத்தை நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

அந்த வரிசையில் பட்டாசும் நின்றாள். 'வந்துட்டாங்கடி!' என்று பக்கத்தில் நின்றவளின் விலாவில் இடித்தாள்.

வீட்டில் வைத்த பெயர் வேறு. யார் என்ன சொன்னாலும் வெடுக்கென்று பதில் வருவதால் கடையில் அவள் பட்டாசு ஆகிவிட்டாள். அந்த வாயால் ஏற்கெனவே இரண்டு கம்ப்ளெயின்ட். காலையில்தான் மேனேஜர் எல்லோர் முன்னாலும் கிழித்திருந்தார்.

"ஹெட் ஆபீஸ்லேர்ந்து இன்னிக்கு ஒருத்தர் கஸ்டமர் மாதிரியே வருவாங்க. நாம எப்படிக் கவனிக்கிறோம்னு நோட்டம் பாத்துட்டுப் போவாங்க. யாரும் சாஞ்சு நிக்கக் கூடாது, உக்காரவே கூடாது. பட்டாசு, உன் மேல இன்னும் ஒரு கம்ப்ளெயின்ட் வந்துச்சு, நாளைக்கு நீ வரவே வேணாம்."

வீட்டுக்காரர் கால் உடைந்து படுத்திருக்கிறார். இந்தச் சம்பளமும் நின்றால் அடுப்பு எரியாது. 'வாயை மூடிக்கோடி, உனக்குப் புண்ணியமாப் போகும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இருக்கிற பல்லையெல்லாம் காட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.

"வாங்க மேடம். என்ன மாதிரி பாக்குறீங்க?"

"எல்லாத்தையும் எடுத்துக் காட்டு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

எல்லாமா! சந்தேகமே இல்லை, இவங்கதான். பட்டாசு முழங்கால் போட்டு உட்கார்ந்து அந்தம்மாவின் காலைத் தொட்டாள். பாதம் புசுபுசுவென்று வீங்கியிருந்தது, கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நின்றது. காரில் போகிறவர்களுக்கும் இதெல்லாம் வரும்போல என்று நினைத்துக்கொண்டாள்.

கறுப்பு வந்தது. "இது கடிக்குது." 'கடிக்காம முத்தமா கொடுக்கும்?' நாக்கு நுனிவரை வந்ததை அப்படியே விழுங்கினாள்.

பழுப்பு வந்தது. "லூஸா இருக்கே." குதிகால் வைத்தது வந்தது, வைக்காதது வந்தது. "அதோ, மேல் தட்டுல இருக்கே, அது." ஏணி போட்டு ஏறி எடுத்து வந்தாள். "ம்ஹூம், அதுக்குப் பக்கத்துல உள்ளது." பட்டாசு பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஏறினாள்.

ஒன்று மட்டும் வியப்பாக இருந்தது. போட்டுப் பார்த்த ஜோடியை எல்லாம் அந்தம்மாவே ஒன்றை இப்படியும் ஒன்றை அப்படியுமாகப் படுக்க வைத்து, மெல்லிசுத் தாளை மடித்துப் போர்த்தி, பட்டென்று பெட்டியை மூடினாள். கை தானாக ஓடியது. ஹெட் ஆபீஸ் என்றால் சும்மாவா, எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறார்கள்!

"காலையிலேர்ந்து நின்னுட்டேதான் இருக்கியா?" என்று கேட்டாள் அந்தம்மா.

ஆகா, பொறி வைக்கிறாள். "நின்னாத்தான் மேடம் எங்களுக்கு நல்லா இருக்கும்."

"பொய் சொல்லாத," என்றாள் அந்தம்மா மெதுவாக. பட்டாசு சட்டென்று அடுத்த பெட்டியைத் திறந்தாள்.

அதற்குள் மேனேஜருக்கும் மூக்கில் வியர்த்துவிட்டது. பழச்சாறும் கையுமாக ஓடி வந்தார். "எடுத்துக்கங்க மேடம். கவனிப்பெல்லாம் எப்படி?"

"கவனிப்பு இருக்கட்டும். இந்தப் பொண்ணுங்க உக்கார ஒரு ஸ்டூல்கூட இல்லையா?"

மேனேஜர் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. ஆனால் மனுஷன் லேசுப்பட்டவரா? "இருந்துச்சு மேடம், ரிப்பேருக்குப் போயிருக்கு!" என்று தன் அறைக்கு ஓடி, தன்னுடைய நாற்காலியையே தூக்கிக்கொண்டு வந்தார். "உக்காரும்மா, உக்காரு! இந்தப் பொண்ணுதான் மேடம் எங்க கடைக்கே தூணு. இவ இல்லாம இந்தக் கடை ஓடாது."

காலையில் சீட்டைக் கிழிக்க நின்ற அதே வாய்! பட்டாசு நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தம்மா சாற்றைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். காலை நீட்டி விரல்களை நெட்டி முறித்தாள். பிறகு தன் தேய்ந்த செருப்பையே மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"எதுவும் வேணாம். வர்றேன்."

அத்தனை பெட்டி இறக்கியும் ஒரு ஜோடிகூட எடுக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? மேனேஜர் கதவைத் திறந்துவிட்டு, குனிந்து கும்பிட்டுவிட்டு உள்ளே திரும்பியதும், பட்டாசு அந்தம்மா பின்னாலேயே வாசல்படிவரை ஓடினாள்.

"மேடம், நான் ஏதாவது தப்பாப் பேசியிருந்தா மன்னிச்சிருங்க. ரிப்போர்ட்ல என் பேரை மட்டும் எழுதிராதீங்க. எங்க வீட்ல நான் ஒருத்திதான் சம்பாதிக்கிறேன்."

"என்ன ரிப்போர்ட்?" அந்தம்மா விழித்தாள். மேனேஜர் போட்ட கும்பிட்டையும் கொண்டுவந்த நாற்காலியையும் யோசித்தவள், சட்டென்று புரிந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு அடங்கியதும் தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த இன்னொரு செருப்புக் கடையைக் கையால் காட்டினாள். அங்கே கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நீல யூனிபார்மில் பெண்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

"எனக்கு வேலை அங்கதான் தங்கச்சி, இன்னிக்கு லீவு. உனக்கு லீவு கெடச்சா எங்க கடைக்கு வா... நீ உக்காரு, நான் நிக்கிறேன்."