எழுபத்தேழு புயலின் படம்

“எழுபத்தேழாம் வருசம் என் தங்கச்சிய வாரிட்டுப் போன புயலுய்யா அது! ரேடார்ல எடுத்த ஃபிலிம் எங்க?” வானிலை அலுவலக மேஜையை ஓங்கித் தட்டினார் பள்ளி ஆசிரியர் ஆசீர்வாதம். மூன்று வருடமாக மெட்ராஸ், டெல்லி என்று எழுதி அலுத்தவருக்கு, அது மதுரையிலேயே இருப்பதாக நேற்றுதான் தெரிந்தது.

“இங்கதான் சார் இருந்துச்சு. போன வருசம் சூரிய கிரகணம் பாக்கக் கேட்டாங்கன்னு, துண்டு துண்டா வெட்டிக் குடுத்துட்டோம்” என்றார் எழுத்தர் நல்லகாமன்.

“அறிவிருக்கா உங்களுக்கு? அம்புட்டு உசுரு போன புயல வெட்டியா வேடிக்கை பாக்குறது? எந்த மடையன்யா கேட்டான்?”

நல்லகாமன் கோப்பைப் புரட்டி, ஒரு கடிதத்தை நீட்டினார்.

‘எங்கள் மாணவர்கள் கண் கெடாமல் கிரகணம் பார்க்க, தங்களிடம் உள்ள பழைய கறுப்பு ஃபிலிம் தந்து உதவவும்.’

கீழே, ஆசீர்வாதத்தின் கையெழுத்து.