ஊர்த் தண்டனை

சிறைகளை மூடிவிட்டு, குற்றவாளிகளை ஒன்றுமே நடக்காத ஊர்களில் குடிவைக்கலாம் என்று அரசாங்கம் முடிவெடுத்ததும், முதலில் அவர்கள் கண்ணில் பட்டது கருவேலங்குறிச்சிதான். பிறந்ததிலிருந்து அங்கேயே இருக்கும் தெய்வானைக்கு அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. போன மாதம் கோவையில் ஒரு கல்யாணப் பந்தியில் ஊர்ப் பெயரைச் சொன்னாள். உடனே அத்தனை பேரும் அவள் கணுக்காலைத்தான் பார்த்தார்கள், கண்காணிப்பு வளையம் மாட்டியிருக்கிறதா என்று.

அவள் வீட்டு மாடியில் மூன்று வருடம் தண்டனை அனுபவித்த நிரஞ்சனுக்கு இன்று காலையில் வளையத்தைக் கழற்றிவிட்டார்கள். வந்த நாளிலிருந்து, "இந்த ஊர்ல மனுஷன் இருப்பானா?" என்று புலம்பித் தீர்த்தவன், இப்போது பெட்டியோடு வாசலில் நின்று தலையைச் சொறிந்தான்.

"அக்கா, மாடியை எனக்கே வாடகைக்கு விடுறீங்களா? இங்கதான் நல்லாத் தூக்கம் வருது. டீக்கடையில நான் கேக்காமலே சர்க்கரை கம்மியாப் போட்டுத் தர்றாங்க."

தெய்வானை அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "இதையே கோர்ட்ல போய்ச் சொல்லு. இது நல்ல ஊரு, இங்க இருக்கிறது தண்டனையே இல்லைன்னு சொல்லிட்டு வா. சாவி தர்றேன்."

அவன் பதறிவிட்டான். "ஐயோ, வேண்டாங்க்கா! நல்ல ஊருன்னு தெரிஞ்சா எல்லாரும் வந்துடுவாங்க. அப்புறம் ஊரு இப்படியே இருக்காதே."

"ஓகோ! நீ நிம்மதியாத் தூங்குறதுக்கு நாங்க ஜெயிலாவே கெடக்கணுமா?"

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கெளம்பு. உனக்குத்தான் விடுதலை ஆயிடுச்சே!"