இரண்டு பாதி

“அக்கா, பக்கத்து ரூம் அண்ணனை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பெரிய சார் சோதிச்சதுல கண்ணு சரியில்லையாம். அடுத்து நீங்கதான்!” என்றாள் கண்ணாடிக் குழாய்களைக் கழுவுகிறவள்.

“வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருடி.”



மருந்துத் தொழிற்சாலையின் சோதனைக்கூடம் அது. குழாயில் அடைத்த ஒரு கரைசல் ஒளியை எத்தனை பாகை திருப்புகிறது என்று கருவியில் கண் வைத்துப் பார்த்துச் சொல்வது அக்காவின் வேலை. உள்ளே ஒரு மஞ்சள் வட்டம். ஒரு பாதி இருட்டு, ஒரு பாதி வெளிச்சம். திருகைத் திருப்பி, இரண்டு பாதியும் ஒன்றுபோல ஆனதும் எண்ணைப் படிக்க வேண்டும். கொஞ்ச காலமாக அவளுக்கு எல்லாமே ஒரே மூட்டம். எண்கள் மட்டும் லென்ஸ் வைத்தால் தெரிந்தன.

மூட்டை தூக்கி இடுப்பொடிந்த புருஷன் படுக்கையில் கிடந்தான். அவள் கண் பார்த்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

தலைமை அதிகாரி உள்ளே வந்தார்.

“என்னம்மா, இப்படி வேர்த்துக் கொட்டுது?”

“புழுக்கம் சார்.”

“சர்க்கரைக் கரைசலே போதும். படிங்க.”

அவளுக்குப் போன உயிர் திரும்பியது. அந்தக் கரைசல் என்றைக்கும் பதிமூன்று புள்ளி மூன்றுதான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

வழக்கம்போல முதலில் தண்ணீர்க் குழாயை வைத்து, கருவி பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்தாள்.

“கண்ணாடி போடறதில்லையா?” காதருகே கேட்டார்.

 “தே... தேவைப்படல சார்.”

“முந்தின ஆளும் இதையேதான் சொன்னார். ம், ஆகட்டும்.”

அவசரமாகக் குனிந்தாள். திருகை மனப்பாட எண்ணுக்குக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

“பதிமூணு புள்ளி மூணு சார்.”

“நகருங்க, நான் பார்க்கறேன்.”

அவர் குனிந்தார். நிமிரவே இல்லை. 

“ரெண்டு பாதியும் ஒண்ணாத்தான் இருக்கு. பதிமூணு புள்ளி மூணேதான்!” என்று நிமிர்ந்தார். “நல்ல கண்ணும்மா உங்களுக்கு. இனிமே எந்த மருந்தா இருந்தாலும் நாம ரெண்டு பேரும் பார்த்தாப் போதும்.”

அவர் போனதும் அக்கா ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“பொழைச்சீங்க போங்க!” சிரித்தபடியே, கழுவுவதற்காகக் கருவியைத் திறந்து குழாயை எடுத்தவள் அப்படியே நின்றாள். “அக்கா... சர்க்கரைக் குழாய் இன்னும் என் தட்டுலயே இருக்கு. உள்ள இருந்தது தண்ணிக் குழாய்.”

பச்சைத் தண்ணீர், பார்வையுள்ள எந்தக் கண்ணுக்கும் பூஜ்யத்தைத் தவிர வேறெதையும் காட்டாது.