சுமையோடு ஒரு சுற்று

"சுமை ஏறியாச்சா?" படகுத்துறையில் நின்றபடி பயிற்சியாளர் கத்தினார்.

"ஏறியாச்சு சார்!" என்றாள் அவள், படகுக்குள்ளிருந்து.

எதிரில் உட்கார்ந்திருந்த பெரியப்பாவுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. "பாத்தியாம்மா? நான் வீட்ல சொன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கற. இங்கயும் உனக்கு அதே பேர்தான்."

அவள் பாய்க்கயிற்றை இழுத்துப் பிடித்தாள்.

தான் இல்லாமல் தம்பி மகள் ஓர் அடிகூட எடுத்து வைக்க மாட்டாள் என்பது பெரியப்பாவின் நிரந்தரப் பெருமை. உண்மைதான், பிறந்ததிலிருந்தே அவளுக்குக் கால்கள் அசையாது. எங்கே போனாலும் அவர்தான் துணை. போகலாமா வேண்டாமா என்ற முடிவும் அவருடையதே. இன்று பாய்மரப் படகு ஓட்டும் தேர்வு. சிவப்பு மிதவையைச் சுற்றிக்கொண்டு பத்திரமாகத் திரும்பிவிட்டால், இனி அவள் தனியாகவே கடலுக்குப் போகலாம். அது நடக்கிற கதையா என்று அவர் சிரித்தபோது, "நீங்களும் வாங்க பெரியப்பா" என்று அவளே அழைத்திருந்தாள். பயம்தான், வேறென்ன!

காற்று பாயை நிறைத்தது. படகு ஒருபக்கம் சாய்ந்தது.

"ஐயோ, சாயுது! திருப்பு! உன்னைக் கரை சேர்க்கறதுக்குள்ள என் உயிர் போயிடும் போலிருக்கே!"

"குனிங்க பெரியப்பா."

"எனக்கே சொல்லித் தர்றியா?"

அவள் சொன்னதையே, பாயின் அடியில் சுழன்று வந்த கட்டை அவர் மண்டையில் இன்னொரு முறை சொன்னது.

அதன்பின் பெரியப்பா படகின் விளிம்பைக் கட்டிக்கொண்டு, காலையில் சாப்பிட்டதையெல்லாம் மீன்களுக்குத் தானம் செய்தார். மிதவை வந்தது, போனது. தண்ணீர் சலசலக்கும் சத்தம் மட்டும். அவர் அவ்வளவு நேரம் பேசாமலிருந்தது அந்தக் குடும்பத்தில் யாரும் காணாத அதிசயம்.

கரையில் இரண்டு பேர் அவரைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். கால்கள் நிற்க மறுத்ததால், காலியாக இருந்த அவளுடைய சக்கர நாற்காலியிலேயே உட்கார வைத்தார்கள். உட்கார்ந்ததும் குரல் திரும்பிவிட்டது.

"பாத்தீங்களா சார்? நான் மட்டும் கூட இல்லேன்னா..."

"உண்மைதான் சார்." பயிற்சியாளர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "படகுல சுமையோட ஓட்டிக் காட்டறதுதான் இந்தத் தேர்வே. வழக்கமா மணல் மூட்டை வைப்போம். உங்க பொண்ணுதான், 'அதெதுக்கு சார், நான் வீட்லேர்ந்தே கொண்டு வந்துடறேன்'னுட்டாங்க!"